உறைய வைத்து அரைப்பது ஏன்?

கேள்வி: பிச்சாவரத்துச் சுரபுன்னை இலையிலிருந்து டி.என்.ஏ. எடுக்க, திரவ நைட்ரஜன் ஊற்றி அரைக்கச் சொல்கிறார்கள். மிக்சியில் அரைத்தால் ஆகாதா?
– கல்லூரி மாணவி, வடலூர்

பதில்: ஆகாதம்மா. மிக்சியில் எழும் சூட்டை விடுங்கள். இலை நசுங்கிய கணமே செல்லுக்குள் பிரிந்திருந்தவை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். நொதிகள் டி.என்.ஏ.வை வெட்டத் தொடங்கும். பாலிஃபீனால்கள் காற்றுப்பட்டுப் பழுப்பாகி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். சுரபுன்னையில் இந்தத் தொல்லை அதிகம். தோல் பதனிடப் பட்டையைப் பயன்படுத்தும் அளவுக்கு டானின் என்ற பாலிஃபீனால் நிறைந்த மரம் அது.

திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் நொதிகள் செயலற்றுவிடும். இலையும் கண்ணாடிபோல் நொறுங்கி மாவாகும். கல்வத்தையும் குழவியையும் முன்னதாகவே குளிரவையுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் அடுத்தது: மாவு இளகிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். இளகுமுன்பே, செல்லை உடைக்கும் சி.டி.ஏ.பி. கரைசலை 65 டிகிரிக்குச் சூடாக்கி அதில் கொட்டிவிட வேண்டும். குளிரிலிருந்து நேரே சூட்டுக்கா என்று தயங்காதீர்கள், கரைசலிலுள்ள ஈ.டி.டி.ஏ., டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளுக்கு வேண்டிய மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பி.வி.பி. சேர்த்தால் டானினையும் அது கட்டிப்போடும்.

 

ஓர் எச்சரிக்கை: ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். மூடிய அறையில் மூச்சுமுட்டும். இறுக மூடிய குப்பி வெடிக்கும். சன்னலைத் திறந்துவையுங்கள், பாதுகாப்புக் கண்ணாடியும் குளிர்தாங்கும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.