டைமிங் பெல்ட் மாற்றிய பின் அணையாத விளக்கு

சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ டைமிங் பெல்ட்டை மாற்றிக்கொண்டு தோட்டத்திற்குத் திரும்புகிறோம். மறுநாள் விடியலில் கார் கிளம்ப மறுக்கிறது. இயந்திர விளக்கும் அணைவதில்லை. “சென்சர் கெட்டுவிட்டது, புதிது வாங்குங்கள்” என்பர். மரம் சீவி ஈட்டிய பணத்தை எடுக்குமுன் சற்றுப் பொறுங்கள். நேற்றுவரை உழைத்த சென்சர், பெல்ட் மாற்றிய அன்றே தானாகக் கெடுவது அரிது.

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டர்தான், இத்தொல்லை அதற்கில்லை. 2008இல் வந்த சாகாவிலோ கிராங்க் தண்டு, கேம் தண்டு இரண்டின் நிலையையும் தனித்தனிச் சென்சர்கள் கணினிக்கு அறிவிக்கின்றன. கிராங்க் இருமுறை சுற்ற, கேம் ஒருமுறை சுற்றும். பெல்ட் ஒரு பல் தவறினாலும் இக்கணக்குப் பிசகும். கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் என்று கொண்டால், ஒரு பல்லுக்கு 18 பாகை! சென்சர் உண்மையைச் சொல்கிறது. நாமோ அதனைப் பழிக்கிறோம்.

பட்டறையில் கோளாறு எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். பி0335 கிராங்க் சென்சரின் மின்சுற்றையும், பி0340 கேம் சென்சரின் மின்சுற்றையும் குறிக்கும். வேலையின்போது கழற்றிய செருகி சரியாகப் பொருந்தாதிருக்கலாம். மூடியின் கீழ்க் கம்பி நசுங்கியிருக்கலாம். பி0016 எனில் இரு தண்டுகளும் இசையவில்லை என்பது பொருள். அப்போது கிராங்க் தண்டை ஸ்பேனரால், அது சுற்றும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்றுகள் மெல்லச் சுற்றி, குறிகள் மீண்டும் நேர்படுகின்றனவா எனக் காணவேண்டும். இடையில் கடுந்தடை தட்டினால் உடனே நிறுத்துக. வால்வு பிஸ்டனில் இடிக்கக்கூடும். அந்நிலையில் ஸ்டார்ட்டரை முடுக்கினால் செலவு பன்மடங்காகும்.

குறிகளும் கம்பிகளும் செம்மையாக இருந்தும் அதே எண் திரும்ப வருமாயின், அதன் பின்னரே புதிய சென்சர் வாங்கலாம்.