முதல் ஷாட் மட்டும் ஏன் மேலே போகிறது?

"காலையில முதல் ஷாட் மட்டும் மேலே போகுது சார், அப்புறம் சரியாயிடுது." ஏர் ரைஃபிள் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தால் இந்தப் புகார் உங்கள் மேஜைக்கு வந்தே தீரும். உடனே ரைஃபிளைப் பிரிக்காதீர்கள், பெல்லட்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃபை எடுங்கள்.

சிலிண்டரில் 200 பார் காற்று இருக்கலாம். ரெகுலேட்டர் அதைக் குறைத்து, வால்வுக்கு முன்னால் உள்ள சிற்றறைக்கு அனுப்புகிறது. அந்த அறைதான் பிளீனம். அதில் குறித்த அழுத்தம் சேர்ந்ததும் ரெகுலேட்டரின் பிஸ்டன் நகர்ந்து சீட்டில் உட்கார்ந்து வழியை அடைக்க வேண்டும். சீட்டில் கீறலோ தூசியோ இருந்தால் அடைப்பு முழுமையாகாது. காற்று கசிந்துகொண்டே இருக்க, அழுத்தமும் மெல்ல ஏறும். இதுதான் கிரீப்.

அது எவ்வளவு கெடுக்கும்? 10 மீட்டர் போட்டி ரைஃபிளில் பெல்லட் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. வேகம் 1 சதவீதம் கூடினால் பெல்லட் சுமார் 0.35 மி.மீ. மேலே விழும். இலக்கில் 0.1 புள்ளிக்கான இடைவெளி 0.25 மி.மீ. தசமத்தில் மதிப்பெண் போடும் போட்டியில் இது சின்ன விஷயமா?

சோதனை எளிது, பொறுமைதான் வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து ஷாட் சுட்டு வேகங்களைக் குறியுங்கள். ரைஃபிளை ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு மறுபடி சுடுங்கள். முதல் ஷாட் மட்டும் விலகி, அடுத்தவை பழைய வேகத்துக்கு வந்தால் கிரீப்பைச் சந்தேகிக்கலாம். அந்த முதல் ஷாட் எப்போதும் வேகமாகவே வரும் என்று நினைக்காதீர்கள். அழுத்தம் மிகவும் ஏறினால் வால்வைத் திறக்க சுத்தியலுக்குப் பலம் போதாமல் வேகம் குறையவும் செய்யும். ஓய்வில் வால்வு ஒட்டிக்கொண்டாலும் முதல் ஷாட் விலகும். எனவே பிளீனத்தில் அழுத்தமானி இருந்தால், அல்லது தற்காலிகமாகப் பொருத்த முடிந்தால், ஓய்வு நேரத்தில் முள் ஏறுகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல சாட்சி இல்லை. மாறாக, வேகமாகச் சுடும்போது மட்டும் வேகம் சரிந்தால், பிளீனம் நிரம்ப நேரம் போதவில்லை என்று பொருள். அது வேறு நோய்.

கிரீப்புக்கு மருந்தாகப் பலர் பெரிய பிளீனம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பெரிய அறைக்கு நன்மை உண்டுதான். ஒரு ஷாட்டுக்குள் அழுத்தம் குறைவாகச் சரியும். குறைந்த அழுத்தத்திலேயே அதே வேகம் கிடைக்கும். ஆனால் கசிவு கசிவுதான். 10 கன செ.மீ. அறையில் 10 பார் ஏற்றும் காற்று, 20 கன செ.மீ. அறையில் சுமார் 5 பார் ஏற்றும். ஏறும் வேகம் பாதியாகிறது, அவ்வளவே. இரவு முழுக்க வைத்தால் அழுத்தம் முன்பு ஏறிய இடத்துக்கே ஏறிவிடும். வாடிக்கையாளர் ஒரு மாதம் கழித்து அதே புகாரோடு வருவார்.

ஆகவே முதலில் சீட்டைக் கவனியுங்கள். காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே பிரிக்க வேண்டும். இதில் அவசரம் கூடாது. சீட், ஓ-ரிங், வாஷர் அடுக்கு எல்லாவற்றையும் துடைத்துப் பாருங்கள். ரெகுலேட்டரின் வெளிக்காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் அழுத்தம் உயரும். பெட்ரோலிய எண்ணெய் பக்கமே போகாதீர்கள், உயர் அழுத்தக் காற்றில் தீப்பற்றக்கூடும். சிலிக்கோன் கிரீஸ் துளி போதும்.

சீட் சரியான பிறகும் பிளீனத்தை மாற்றியே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் மாற்றலாம். ஆனால் சுத்தியல் ஸ்பிரிங்கை மறுபடி சீர்செய்து, பெல்லட்டின் ஆற்றலையும் கணக்கிட்ட பிறகே ரைஃபிளைக் கொடுங்கள். பிரிட்டனில் ஏர் ரைஃபிள் 12 அடி-பவுண்டைத் தாண்டினால் தனி உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது.