கடனோடு வரும் வண்டி: இளம் வடிவமைப்பாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போடி அரசு பொறியியல் கல்லூரியில் படித்த பையன் ஒரு கார் கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறான் என்பதில் எனக்குள்ள பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனி நொடிந்து கிடக்கிறது, அரசிடம் கடன் கேட்டிருக்கிறார்கள், பணம் வந்துவிட்டால் அடுத்த மாடலை நாங்கள் நினைத்தபடியே செய்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறாய். பணம் வரலாம். நினைத்தபடி செய்ய விடமாட்டார்கள். அரசுப் பணம் வரும்போதே தான் பார்க்க விரும்பும் வண்டி ஒன்றையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். இதை உன் மேலதிகாரிகள் உனக்குச் சொல்லப்போவதில்லை. அவர்களில் பலருக்கே தெரியாது.

எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை கிறைஸ்லர். 1979-ல் அந்தக் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, அது வெளியில் வாங்கும் கடனுக்கு 150 கோடி டாலர் வரை அமெரிக்க அரசு ஜாமீன் நின்றது. பதிலுக்குத் தொழிலாளர்கள் சம்பளத்தில் விட்டுக்கொடுத்தார்கள், வங்கிகள் பழைய பாக்கியில் விட்டுக்கொடுத்தன. வரப்போகும் ஆண்டுகளில் என்ன செய்யப்போகிறோம், பெட்ரோலை எப்படி மிச்சப்படுத்தப்போகிறோம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் கே கார் வந்தது. முன்சக்கர இயக்கம், ஆறு பேர் உட்காரும் இடம், சின்ன எஞ்சின். அரசு எதைப் பார்க்க விரும்பியதோ அதே வண்டி.

கிறைஸ்லர் தலைவர் லீ அயகோக்காவின் சாமர்த்தியம் என்று இதைச் சொல்வார்கள். நீ கவனிக்க வேண்டியது வேறு. கே கார் கடனுக்காக வரையப்பட்டதில்லை. சட்டம் வருவதற்கு முன்பே அது வரைபலகையில் இருந்தது. கடன் அதற்கு வாங்கிக் கொடுத்தது அவகாசம் மட்டும்தான். அப்படியும் முதல் சில மாதங்கள் விற்பனை படுத்துவிட்டது. சிக்கன வண்டி என்று விளம்பரம் செய்துவிட்டு, கூடுதல் வசதிகளை அடைத்து விலையை ஏற்றி ஷோரூமில் நிறுத்தியிருந்தார்கள். பிறகு சுதாரித்துக்கொண்டு, 120 கோடி டாலர் எடுத்த கடனை 1983-லேயே, கெடுவுக்கு ஏழு ஆண்டு முன்னதாக அடைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கே காரின் அடித்தளத்திலிருந்து பிறந்த மினிவேன் வெளிவந்தது. கம்பெனியை நிஜமாகக் காப்பாற்றியது அதுதான் என்பது என் கட்சி. எந்தக் கடன் பத்திரமும் மினிவேன் கேட்கவில்லை. கையில் காசில்லாத நாட்களிலும் அந்தத் திட்டத்தின் செலவை வெட்டாமல் வைத்திருந்த சிலர் இருந்தார்கள். உன் பிரிவில் அப்படி யார் இருக்கிறார் என்று பார்த்து வை.

நம் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். பிரிட்டனில் தொடங்கினாலும் இது உனக்கு அதிகம் பயன்படும். பிரிட்டிஷ் லேலண்ட் என்ற கம்பெனியை 1975-ல் பிரிட்டன் அரசு எடுத்துக்கொண்டு பணத்தைக் கொட்டியது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ரோவர் எஸ்டி1 பார்க்க அழகான கார். 1977-க்கான ஐரோப்பிய 'கார் ஆஃப் தி இயர்' விருதும் வாங்கியது. ஆனால் பெயிண்ட் உரிந்தது, மின்சாரம் மக்கர் செய்தது, ஆலையில் ஓயாத வேலைநிறுத்தம். அரசுப் பணத்தால் ஆலை கட்டலாம், கடைசி நட்டை ஒழுங்காக முறுக்கும் பழக்கத்தைக் கொண்டுவர முடியாது. அந்த எஸ்டி1 கடைசியில் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலைக்கு. ஹெரால்டு, கெஸல் என்று கார்கள் செய்துவிட்டுப் பல ஆண்டுகளாகக் கார் இல்லாமல் வேனோடு ஒட்டிக்கொண்டிருந்த கம்பெனி, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் அந்த ரோவரை இறக்கியது. உடம்பு ரோவர். எஞ்சின், ஐம்பதுகளின் வான்கார்டு வம்சத்தில் வந்த 1,991 சிசி பழசு, 83 குதிரைத்திறன். இங்கிலாந்தில் அதே உடம்பை இழுத்த வி8 அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி உள்ளது. ஏழைக் கம்பெனி பணக்கார மாடலை வாங்கும்போது இதுதான் நடக்கும். தெரிகிற பாகத்துக்குக் காசு இருக்கும், தெரியாத பாகத்துக்கு இருக்காது. 1988-ல் உற்பத்தி நின்றுபோனது.

ஸ்டாண்டர்டு 2000 வருவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1983 டிசம்பரில், மாருதி 800 வந்துவிட்டிருந்தது. அதுவும் நொடிந்துபோய் மூடிக் கிடந்த ஒரு கம்பெனியின் பெயரில் வந்த வண்டி. அங்கே அரசு கடன் கொடுக்கவில்லை, முதலாளியாகவே உட்கார்ந்துவிட்டது. கூட்டாளி சுசுகிக்கு முதலில் 26 சதவீதப் பங்கு. பொறுப்பில் இருந்தவர் பெல் நிறுவனத்தை நடத்திய நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வி. கிருஷ்ணமூர்த்தி. சுசுகி ஏற்கெனவே செய்துகொண்டிருந்த 796 சிசி வண்டியை எஞ்சினோடும், ஆலை நடத்தும் முறையோடும் சேர்த்து எடுத்து வந்தார்கள். ஸ்டாண்டர்டு 2000-ஐயும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார். உன் பாடப்புத்தகத்தில் இல்லாத பாடம் அதில் இருக்கிறது.

இப்போதைய கடன்களில் நிபந்தனை ஓர் எண்ணாக வருகிறது. 2007-ல் அமெரிக்கா போட்ட சட்டத்தின் கீழ் கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி டாலர் கடன் ஒதுக்கினார்கள். நிபந்தனை, 2005-ம் ஆண்டின் அதே வகை வண்டியைவிட எரிபொருள் சிக்கனம் 25 சதவீதம் கூட வேண்டும். ஃபோர்டு 590 கோடி வாங்கி எஞ்சின்களைச் சின்னதாக்கியது, 2022-ல் கட்டி முடித்தது. டெஸ்லா 46.5 கோடி வாங்கி மாடல் எஸ் செய்து 2013-லேயே அடைத்துவிட்டது. ஃபிஸ்கர் என்ற கம்பெனிக்கு 52.9 கோடி என்றார்கள். பெரும்பகுதி விலை குறைந்த இரண்டாவது காருக்கு. முதல் காரின் கெடுக்கள் தவறின, 19 கோடி சொச்சத்தோடு பணத்தை நிறுத்தினார்கள், இரண்டாவது கார் பிறக்கவேயில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடன் வாங்குகிறவர் நிதி நிலையில் திடமாக இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருந்தது. நொடிந்து நின்ற கிறைஸ்லர் பல ஆண்டுகள் வாசலில் காத்திருந்துவிட்டு 2012-ல் மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இந்தியாவில் அரசின் கை வரி வழியாக நீளும். 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் கார்களுக்குக் கலால் வரி குறைந்தது. அதற்காக 2012-ல் மாருதி டிசையரின் பின்பக்கம் வெட்டுப்பட்டது. மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டும் அந்த 4 மீட்டருக்குள் அடங்கிக்கொண்டது. அந்தக் கோட்டை வரைந்தது எந்த வடிவமைப்பாளனும் இல்லை. 2021-ல் வந்த 25,938 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் மின்சார, ஹைட்ரஜன் வண்டிகளுக்கும் உயர்நுட்ப வாகனப் பாகங்களுக்கும் மட்டும். மதிப்பில் பாதி உள்நாட்டில் உருவாக வேண்டும். அதுவும் விற்றுக் காட்டிய பிறகு தரும் பணம். வாகனக் கம்பெனி என்றால் 10,000 கோடி வருமானம் காட்ட வேண்டும். உன் கம்பெனி அந்த வாசலில் கால் வைக்கவே முடியாது. ஆகவே கடன்தான் வழி என்றால், அதில் மின்சார வண்டி என்ற சொல் எங்கேயாவது நிச்சயம் இருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. அந்த வண்டி எந்தச் சாலைக்கு என்பதுதான் என் கவலை.

விடியுமுன் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்தவன் நீ. முந்தல் தாண்டியதும் ஏற்றம், போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் பூப்பாறை, சாந்தன்பாறை. கணக்குப் போட்டுப் பார். ஆட்களோடு 2,500 கிலோ எடையுள்ள வண்டியைச் சுமார் 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம் வேண்டும். டயர் உரசலும் மோட்டாரில் வீணாவதும் தனி. இறங்கும்போது மோட்டாரை ஜெனரேட்டராக ஓட்டினால் அதில் நல்ல பங்கு திரும்பிவரும். அந்த வகையில் மின்சார வண்டிக்கு இந்த மலையைப் போலத் தோதான இடம் கிடையாது.

ஆனால் வண்டி ராத்திரி தோட்டத்து ஸ்டோரில் நின்று சார்ஜ் முழுக்க ஏறியிருந்தால்? காலையில் இறங்கும்போது திரும்பிவரும் மின்சாரத்தை வைக்க பேட்டரியில் இடமில்லை. மோட்டார் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். டீசல் ஜீப் டிரைவர் இரண்டாவது கியரில் போட்டு எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கிவிடுவார். நம் ஊரில் யாரும் இதைச் சொல்லிக்கொடுத்துக் கற்றுக்கொண்டதில்லை. மைலேஜ் சான்றிதழுக்கான ஆய்வக ஓட்டம் உருளைகள் மேல் நடக்கிறது, ஏற்றமும் இறக்கமும் அதில் கிடையாது. கடன் நிபந்தனை அந்தச் சான்றிதழைத்தான் பார்க்கும். அந்த எண்ணுக்காகவே வரைந்தால் தாளில் தேறிவிடுவாய், மூன்றாவது வளைவில் பிரேக் டிரம் புகையும்.

மேலே சார்ஜை 85 சதவீதத்தில் நிறுத்தும் ஏற்பாட்டை மென்பொருளில் வைக்கலாம். பிரேக்கைப் பெரிதாக்கலாம். இரண்டுமே விளம்பரத்தில் போடும் கிலோமீட்டரிலும் விலையிலும் கொஞ்சம் தின்னும். அந்தக் கொஞ்சத்துக்காகக் கூட்டத்தில் வாதாடுவதுதான் உன் வேலை. அப்போது கையில் சட்டப் பத்தியும் இருக்க வேண்டும், மலைக் கணக்கும் இருக்க வேண்டும். நிபந்தனையில் சொன்ன எண் குறைந்தபட்சமா, அதற்கு மேல் போனால் ஏதாவது கூடுதலாகக் கிடைக்குமா, தவணைப் பணம் எந்தத் தேதியோடு கட்டப்பட்டிருக்கிறது, மாதிரி வண்டி என்று எதை ஒப்புக்கொள்வார்கள் என்றெல்லாம் தெரியாமல் வரைய உட்காராதே. பிரிட்டனில் அரசுப் பணத்தில் மெட்ரோ கார் செய்தபோது, வாடிக்கையாளர்களுக்கு மாதிரியைக் காட்டினார்கள், அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆலை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வடிவத்தைத் திருத்தினார்கள். 1980-ல் வந்த அந்தக் கார் நன்றாகவே விற்றது. பணம் வந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ஒப்பந்தத்தின் நகல் உன் பிரிவுக்கு இன்னும் வந்திருக்காது. நிதிப் பிரிவில் போய்க் கேள். பொடியனுக்கு எதற்கு என்பார்கள். மறுபடியும் கேள்.

அன்புடன்,
உன் ஊர்க்கார அண்ணன்