பத்துமலை வானத்தில் ஏழு புள்ளி

தைப்பூசம் முடிந்து வீடு திரும்பி, படங்களைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 42.7 மீட்டர் உயர முருகன் சிலை, அதற்குப் பின்னால் பளிச்சென்று நீல வானம், அந்த வானத்தில் சாம்பல் நிறமாக ஏழு புள்ளி. காக்கை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எல்லாப் படத்திலும் அதே ஏழு இடத்திலா காக்கை பறக்கும்? பத்துமலைப் படிக்கட்டின் அடியில், கற்பூரப் புகைக்கும் விபூதிக்கும் நடுவே நின்று அவசரமாக லென்ஸை மாற்றியவன் நான்தான். பட்ட பிறகு தெரிந்துகொண்டவை கீழே.

1. துடைக்கத் துணியை எடுப்பதற்கு முன்னால் அழுக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தில் புள்ளி தெரிகிறது, படத்தில் இல்லை என்றால், அது உள்ளே இருக்கும் கண்ணாடியிலோ அதற்கு மேலுள்ள ஃபோகஸ் திரையிலோ ஒட்டிய தூசி. படத்துக்கு அதனால் கேடில்லை, அப்படியே விட்டுவிடலாம். அந்தத் திரை மெல்லிய பிளாஸ்டிக், கண்ணாடியின் பூச்சோ மேற்பரப்பிலேயே இருக்கிறது. இரண்டுமே துடைத்தால் கீறிக்கொள்ளும். லென்ஸை மாற்றிய பிறகும் படத்தில் புள்ளி அதே இடத்தில் நின்றால், குற்றவாளி சென்சார் பக்கம். புள்ளியே இல்லாமல் படம் முழுக்க மங்கி, விளக்குகள் கோடு இழுத்தாற்போல் தெரிந்தால், லென்ஸில் விரல் பட்டிருக்கிறது.

2. சந்தேகம் தீர ஒரு சோதனை. ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 16 அல்லது எஃப் 22 என்று வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுங்கள். எடுக்கும்போது கேமராவைக் கொஞ்சம் அசைத்தாலும் பரவாயில்லை; சுவரில் உள்ள கறை கலைந்துபோகும், சென்சார் தூசி மட்டும் அசையாமல் நிற்கும். துவாரம் சிறுத்தால் ஒளி ஒடுங்கி வந்து தூசியின் நிழல் அழுத்தமாக விழும். எஃப் 2.8-இல் அதே நிழல் கரைந்துவிடும். ராத்திரி கல்யாண மண்டபத்தில் குறையே சொல்ல முடியாத கேமரா, மறுநாள் போர்ட்டிக்சன் கடற்கரையில் மானத்தை வாங்குவது இதனால்தான்.

3. படத்தின் மேல் பக்கம் தெரியும் புள்ளி, சென்சாரில் கீழ்ப் பக்கம் இருக்கும். கேமராவின் வாயை நேருக்கு நேர் பார்க்கும்போது இடம் வலம் மாறாது, மேல் கீழ் மட்டும் புரண்டிருக்கும். இது தெரியாமல் நான் சுத்தமான பக்கத்தையே அரைமணி நேரம் ஊதிக்கொண்டிருந்தேன்.

4. முதல் மருந்து கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. 2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1 தொடங்கி, சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியை மீயொலியால் அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு பல கேமராக்களில் உண்டு. மெனுவில் சென்சார் கிளீனிங் என்று இருக்கும். மேசைமேல் கேமராவை நேராக உட்காரவைத்து இரண்டு மூன்று முறை ஓடவிடுங்கள். உலர்ந்த தூசியில் பெரும்பகுதி இதிலேயே விழுந்துவிடும்.

5. அதற்கும் போகாவிட்டால் கையால் அமுக்கி ஊதும் ரப்பர் ப்ளோவர். நம் அடுக்குமாடி வீடுகளில் மின்விசிறி இருபத்து நான்கு மணி நேரமும் சுற்றும். அதை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு ஆரம்பியுங்கள். ப்ளோவரை முதலில் வெளியே நாலு தடவை அமுக்கினால் அதற்குள் இருக்கும் தூசி போகும். பிறகு கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, கீழிருந்து மேலாக ஏழெட்டு முறை ஊதுங்கள். முனை உள்ளே எதையும் தொடக்கூடாது. ஷட்டரின் தகடுகள் மிக மெல்லியவை. வாயால் ஊதுவதை மறந்துவிடுங்கள். நெருப்புக்குச் சரி, சென்சாரில் எச்சில் துளியாக விழும். கணினி கீபோர்டுக்கு அடிக்கும் டப்பா காற்றும் வேண்டாம்; சாய்த்து அடித்தால் உள்ளிருக்கும் திரவமே சீறி வந்து கறையாக உறைந்துவிடும்.

6. இதைச் செய்யும்போது பேட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும். டி.எஸ்.எல்.ஆரில் பாதி வேலையில் மின்சாரம் போனால் ஷட்டர் மூடும், கண்ணாடி மேலிருந்து கீழே விழும், நடுவில் உங்கள் கை இருக்கும்.

7. ஊதியும் அசையாத புள்ளிக்கு ஈரச் சுத்தம். நாம் துடைப்பது சென்சாரை அல்ல, அதன்மேல் உள்ள வடிகண்ணாடியை. அதனால் பயம் பாதி போதும், கவனம் முழுசாக வேண்டும். உறையில் அடைத்து வரும் ஸ்வாப் குச்சிகளை உங்கள் சென்சாரின் குறுகிய பக்கத்தின் அளவுக்கு வாங்குங்கள்: 36-க்கு 24 மில்லிமீட்டர் முழு அளவு சென்சாருக்கு 24 மில்லிமீட்டர், ஏ.பி.எஸ்-சி வகைக்கு 16 மில்லிமீட்டர். இதற்கென்றே விற்கும், சட்டென்று ஆவியாகும் திரவம் இரண்டு சொட்டு. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழுப்பு, குச்சியைத் திருப்பி மறுபக்கத்தால் இன்னொரு இழுப்பு, அதோடு குப்பைத்தொட்டி. பொத்திப் பொத்தி வைத்து அடுத்த தடவைக்கு எடுத்தால், போன தடவை எடுத்த மண்ணையே திரும்பத் தேய்ப்பதாகும். டிஷ்யூ பேப்பர், காது குடையும் பஞ்சுக்குச்சி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மருந்து எதுவும் உள்ளே போகக்கூடாது. கை நடுங்குகிறதா, உத்தரவாதக் காலம் முடியவில்லையா? இந்தக் குறிப்பைத் தாண்டிக் கடைசிக் குறிப்புக்குப் போய்விடுங்கள்.

8. லென்ஸில் பட்ட விரல் ரேகையை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். தோலின் எண்ணெயும் வியர்வையும் நாளாக ஆகப் பூச்சில் ஊறும். முதலில் ஊதுங்கள், பிறகு மெல்லிய தூரிகை, அதற்குப் பிறகே துணி. திரவத்தைக் கண்ணாடிமேல் சொட்டவிடாமல் துணியில் நனைத்து, நடுவிலிருந்து வெளியே வட்டமாக. வேட்டி நுனியும் முந்தானையும் முகம் துடைக்க; அவற்றில் ஒட்டிய மணல் லென்ஸுக்கு உப்புத்தாள். மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது வாசனைத் திரவம் சேர்த்தால் அதுவே லென்ஸில் படலமாக ஏறும். முன் கண்ணாடியைவிடப் பின் கண்ணாடி சுத்தமாக இருப்பது முக்கியம். சென்சாருக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே ஒரு சின்னக் கறையும் படத்தில் காட்டிக்கொடுக்கும்.

9. தைப்பூசத்துக்குத் தனிக் குறிப்பு. முதல்நாள் இரவு ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டது முதல், 272 படி ஏறி இறங்கும் வரை, லென்ஸைக் கழற்றாமல் சமாளிப்பதுதான் புத்திசாலித்தனம். ஒரே ஜூம் லென்ஸோடு போங்கள். தேங்காய் உடைக்கும் இடத்தில் இளநீர் தெறிக்கும், பால்குடத்திலிருந்து பால் சிந்தும். இரண்டும் காய்ந்தால் பிசின்தான். காயும் முன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், பிறகு வழக்கமான துடைப்பு. விபூதி பூசிய விரலால் கேமராவைத் தொடாமல் இருப்பது பக்திக்கு விரோதமாகாது.

10. வெளியே லென்ஸை மாற்றியே தீர வேண்டும் என்றால் கேமராவை அணைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாயைக் கீழே பார்க்கவைத்து, மாற்று லென்ஸின் பின்மூடியை முன்கூட்டியே தளர்த்திக்கொண்டு மாற்றுங்கள். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, ஊரைச் செங்கல்லால் திரும்பக் கட்டக் களிமண் தோண்டிச் சூளை போட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். சூளைகள் மறைந்துவிட்டன, கட்டடத் தூசிக்குக் குறைவில்லை. அங்கேயும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தீபாவளிச் சந்தை படம் எடுக்கப் போனால், லென்ஸ் மாற்ற ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்து ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டு உட்காருங்கள்.

11. ஏர்கோன் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனித்துப்போவது நம் ஊரில் தினசரிக் கதை. துடைத்தால் திரும்பப் பனிக்கும். இறங்கும் முன்பே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வெளிச்சூட்டுக்கு அது பழகும் வரை இருபது, முப்பது நிமிடம் பொறுங்கள். ஈரம் பனித்திருக்கும்போது லென்ஸைக் கழற்றினால், சென்சாரில் விழும் தூசி ஒட்டிக் கறையாகிவிடும்.

12. தூசியைவிடப் பெரிய எதிரி பூஞ்சை. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல் போலத் தெரியும். நம் ஊர் ஈரப்பதம் அதற்கு விருந்து. தோல் பையில் பூட்டி அலமாரியில் வைப்பது, பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுப்பது. மின்சார ட்ரை கேபினட் வாங்க முடிந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். 30-க்குக் கீழே போனால் ரப்பர் வறண்டுவிடும். இல்லாவிட்டால் பலகாரம் வைக்கும் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி போதும். ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். அரிசி போட்டு வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்; அரிசி மாவு கேமராவின் இடுக்கெல்லாம் ஏறும். சாம்பிராணி போடும் சாமி அறையிலும் கேமரா வேண்டாம். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.

13. புகைமூட்டக் காலத்தில் சன்னல் மூடியிருந்தாலும் மேசையில் படியும் தூளைப் பார்த்திருப்பீர்கள். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலையே அறிவித்தார்கள். 2015-இலும் 2019-இலும் மறுபடி மூடியது. அந்த வாரங்களில் மங்கல் படத்துக்குக் காரணம் லென்ஸா வானமா என்று குழம்பவேண்டாம்: வீட்டுக்குள் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

14. லென்ஸ் கழலாத சின்ன கேமராவில், ஜூம் நீண்டு சுருங்கும்போது தூசி உள்ளே போனால் வீட்டில் எடுக்க வழியில்லை, திருப்புளியை எடுக்காதீர்கள். கைப்பேசிக்கு, படம் எடுக்கும் முன் ஒரு தடவை மென்துணியால் துடைப்பது போதும்.

15. கடையில் கொடுப்பதானால், இரண்டாம் குறிப்பில் சொன்ன சோதனைப் படத்தை முதல்நாளே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வெள்ளி, சென்சார் மட்டுமா உள்கண்ணாடியும் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். வாங்கும்போது அதே எஃப் 22-இல் கடைச் சுவரை இன்னொரு தடவை எடுத்து, பெரிதாக்கி, இரண்டையும் அங்கேயே ஒப்பிடுங்கள். என் ஏழில் ஆறு போயிருந்தது. ஏழாவதைக் காட்டியதும், பேசாமல் வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் பத்தே நிமிடத்தில் திருப்பித் தந்தார்கள்.