முதிய மாமரத்தைக் காப்போம்

இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் வளவுக்குத் திரும்பும் நாம், கோறை விழுந்த மாமரத்தைக் கண்டதும் தறிக்க எண்ணுகிறோம். அவசரம் வேண்டாம். மரத்தின் உயிரோட்டம் பட்டையின் கீழேயே உள்ளது. நடு உக்கினாலும் மரம் காய்க்கும்.

1. கண்ணிவெடி அகற்றப்பட்டது உறுதியாகாத நிலத்தில் கால் வைக்கக் கூடாது.

2. அடிமரத்தில் செல் துண்டுகள் புதைந்திருக்கலாம். வாள் போடுமுன் தழும்புகளைப் பார்ப்போம்.

3. பட்ட கொப்புகளைக் காய் பறித்த பின், மாரிக்கு முன் அகற்றுவோம். முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, பின் மேலிருந்து அறுத்தால் பட்டை உரியாது.

4. எருவை அடியில் குவியாமல், கொப்பு நுனிகளின் கீழ் வட்டமாக இடுவோம்.

வீட்டுப் பக்கம் சாய்ந்து அடி உக்கிய மரத்தைத் தறிக்கத்தான் வேண்டும். அதற்கு முன் அதில் ஒட்டுக்கொப்பு எடுத்துக் கன்றில் ஒட்டுவோம். அப்பு நட்ட மரத்தின் சுவை பேரப்பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும்.