அலை கடக்கும் விளிம்பு

நுழையும்முன்

சித்திரை நண்பகலில் கரிவலம்வந்தநல்லூர்க் கரிசல் நிலத்தில் நின்று தொலைவிலுள்ள பனைகளை நோக்கினால், அவை நெளிவதுபோலத் தோன்றும். பனை அசைவதில்லை. சுட்ட நிலத்திலிருந்து திட்டுத்திட்டாக எழும் வெப்பக்காற்றே ஒளியின் வழியை ஓயாமல் மாற்றுகிறது. வானொலி அலைகளுக்கும் இத்தகைய நிலை நேர்வதுண்டு. அணுக்கரு இணைவு ஆய்வில் அது பெருஞ்சிக்கலாக நிற்கிறது.

அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, மின்னூட்டம் பெற்ற துகள்களின் கூட்டமாக வாயு மாறுவதே பிளாஸ்மா நிலை. அதைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் தலைக்குமேல் சில நூறு கிலோமீட்டர் உயரம்வரை பரந்துள்ள அயனி மண்டலமும் பிளாஸ்மாவே. கதிரவன் மறைந்தபின் அதன் கீழ்ப்பகுதி விரைவில் நலிந்துவிடுகிறது. அடர்ந்த படலம் மேலும், அடர்வு குறைந்தது கீழுமாக, எண்ணெய்க்குமேல் நீரை ஊற்றிய நிலை உண்டாகிறது. கீழிருப்பது குமிழிகளாக மேலெழ, அவ்வழி வரும் செயற்கைக்கோள் சைகைகள் விண்மீன்போல் மினுக்குகின்றன. புவிக்காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இது மிகுதி. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் உள்ள இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இம்மண்டலத்தை ஆராய்ந்து வருகிறது.

வானில் இயற்கையாக நிகழும் இதையொத்த கொந்தளிப்பு, மனிதன் அமைத்த இணைவுக் கருவிக்குள்ளும் எழுகிறது. டியூட்டிரியம், டிரிட்டியம் ஆகியவற்றின் அணுக்கருக்கள் இணைவதற்குப் பிரான்சில் உருவாகிவரும் ஈட்டர் கருவியில் ஏறத்தாழ 15 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதைத் தாங்கும் பாத்திரம் எதுவுமில்லை. ஆகவே, வடை வடிவக் கலத்தினுள் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் காந்தப்புலத்தால் நிறுத்துகின்றனர். இக்கருவியே டோகமாக். காந்திநகர் அருகிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989இல் இயங்கத் தொடங்கிய ‘ஆதித்யா’ இந்தியாவிலேயே உருவான டோகமாக் ஆகும்.

பிளாஸ்மாவைச் சூடாக்கும் வழிகளுள் ஒன்று, சுவரிலுள்ள அலைவாங்கி போன்ற அமைப்பிலிருந்து உள்ளே அலைகளைச் செலுத்துவது. எங்கிருந்து புறப்பட்டாலும் அலை விளிம்பைக் கடந்தே நடுப்பகுதியை அடைய வேண்டும், அவ்விளிம்போ அமைதியற்றது. வானில் ஈர்ப்புவிசை செய்த வேலையை இங்கே காந்தப்புலத்தின் வளைவு செய்கிறது. அதனால் அடர்ந்த திரள்கள் உள்ளிருந்து பிய்ந்து சுவரை நோக்கி எறியப்படுகின்றன. ஆதித்யாவின் விளிம்பில் நுண்ணிய உலோக முனைகளைச் செருகி அளந்த இந்திய ஆய்வாளர்கள், இவ்வலைவு குற்றாலச் சாரல்போல் சீராக இராமல், கோடைமழைபோல் விட்டுவிட்டுத் திடீரெனப் பொழிவதை 1992இல் வெளியிட்டனர். கருவி சிறியதே, கண்டது பெரிது.

மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளுக்கு இத்திரள்கள் ஒருவகை இடையூறு. அடர்வு மிகக் குறைந்த விளிம்பில் அவ்வலை பரவாது. தேய்ந்து தேய்ந்துதான் உட்புகும். திரள் ஒன்று அருகில் வந்தால் அலை எளிதாக நுழையும். அது விலகினால் ஆற்றலின் ஒரு பகுதி திரும்பி வந்து, அலையை உண்டாக்கும் கருவியையே வருத்தும். இம்மாற்றம் மைக்ரோநொடிகளில் நிகழ்வதால், பொறியாளர் ஒரு நிலைக்கெனப் பொருத்தி வைத்த மின்சுற்று மறுகணம் பொருந்தாமற் போகிறது.

ஈட்டரில் திட்டமிடப்பட்டுள்ள 170 கிகாஹெர்ட்ஸ் அலைகள் விளிம்பை எளிதில் கடக்கும். ஆயினும், ஒவ்வொரு திரளும் கோணலான வில்லைபோல் அலைக்கற்றையைச் சற்றே திருப்ப, கற்றை அகன்றுவிடுகிறது. பிளாஸ்மாவின் காந்த அமைப்பில் தோன்றும் பிளவுகளை அடைக்க, சில சென்டிமீட்டர் இடத்தில் மட்டும் மின்னோட்டத்தைத் தூண்ட வேண்டும். வேரில் ஊற்ற வேண்டிய குடம் நீரைத் தோட்டம் முழுவதும் தெளித்தால் என்ன பயன்? அகன்ற கற்றைக்கு ஆற்றலும் கூடுதலாகத் தேவைப்படும்.

அலையும் விளிம்பைச் சும்மா விடுவதில்லை. அலைவாங்கியை ஒட்டி எழும் வலிய மின்புலம் அயனிகளைச் சுவரில் மோதச் செய்ய, தெறிக்கும் உலோக அணுக்கள் பிளாஸ்மாவுக்குள் கலந்து அதைக் குளிர்விக்கின்றன. எனவே விளிம்பின் நிலையை நொடிக்குநொடி அறிந்தாக வேண்டும். அதற்கும் அலையே கருவியாகிறது: மெல்லிய நுண்ணலையை விளிம்பில் பட்டுத் திரும்பச் செய்து, அதில் பதிந்துள்ள நடுக்கத்தைக்கொண்டு அங்குள்ள கொந்தளிப்பை அளக்கின்றனர்.