எங்கிருந்து வந்தது மூளைக்காய்ச்சல்?

கேள்வி: எங்கள் பக்கம் மூளைக்காய்ச்சலை 'ஜப்பான் காய்ச்சல்' என்கிறார்கள். உண்மையிலேயே அது ஜப்பானிலிருந்து வந்ததா?
(வாசகர், திருக்கோவிலூர்)

பதில்: அங்கே கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான். கடும் காய்ச்சல், வலிப்பு, நினைவிழப்பு என்று ஆட்கள் விழுவது அந்நாட்டில் 1871 முதல் பதிவாகியிருக்கிறது. 1924-இல் 6,000 பேருக்கு மேல் நோயுற்று, அதில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1935-இல் டோக்கியோவில், இந்த நோயால் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அந்த 'நகயாமா' ரகத்தை வைத்தே பின்னாளில் தடுப்பூசி செய்தார்கள். 1938-இல் அதே வைரஸ் வயல்வெளிக் கொசுவான க்யூலெக்ஸின் உடம்பிலும் அகப்பட்டது.

ஆனால் வைரஸின் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள் கைகாட்டுவது தெற்கே, இந்தோனேசியா, மலேசியா பகுதியை. அதன் எல்லா மரபு வகைகளும் சேர்ந்து காணப்படுவது அந்த வட்டாரத்தில்தான். அங்கிருந்து நெல் விளையும் ஆசியா முழுவதும் பரவியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வைரஸுக்கு மனிதன் தேவையே இல்லை. கொக்கு, குளக்கொக்கு, வக்கா போன்ற நீர்ப்பறவைகளுக்கும் கொசுவுக்கும் இடையில் அது பாட்டுக்கு வாழ்கிறது. பன்றியின் உடம்பில் புகுந்தால் ஏராளமாகப் பெருகுகிறது. மனித ரத்தத்திலோ அடுத்த கொசு எடுத்துச் செல்லும் அளவுக்குப் பெருகுவதில்லை. நோயாளியைத் தொடுவதாலோ பக்கத்தில் இருப்பதாலோ யாருக்கும் ஒட்டாது. இது தெரியாமல், பிழைத்து வந்த குழந்தையைத் தள்ளி வைப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் இதை முதலில் கண்டவர் யார்?
(வாசகி, ஆரணி)

பதில்: உங்கள் பக்கத்து ஊரில்தான் கண்டார்கள். 1955-இல் வடஆற்காடு மாவட்டக் குழந்தைகள் காய்ச்சலும் வலிப்புமாக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்கள். அங்கிருந்த குழந்தை மருத்துவர் ஜான் வெப், ஷீலா பெரேரா இருவரும் அந்தக் குழந்தைகளின் நோய்க்குறிகளைக் கூர்ந்து கவனித்து, இது பூச்சிகள் பரப்பும் வைரஸ் மூளைக்காய்ச்சல் என்று 1956-இல் எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது அப்போதுதான்.

அதற்கு முன்பே அது இங்கே இருந்தது. 1952-இல் பூனாவில் வைரஸ் ஆய்வு மையம் தொடங்கியதும் பல மாகாணத்து மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஜப்பானிய வைரஸை எதிர்க்கும் பொருள் சிலரது ரத்தத்தில் ஏற்கெனவே இருந்தது. அதாவது வைரஸ் அவர்கள் உடம்பில் புகுந்து, அவர்கள் அறியாமலே போயிருக்கிறது. இன்றும் அப்படித்தான். தொற்றுக்கு ஆளாகும் சுமார் 250 பேரில் ஒருவருக்கே மூளை பாதிக்கிறது. அந்த ஒருவர் நிலைமைதான் கொடுமை. மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் 30 சதவீதம் வரை இறக்கிறார்கள். பிழைப்பவர்களில் பலருக்குக் கைகால் முடக்கம், வலிப்பு, பேச்சுக் குறை என்று ஏதாவது ஒன்று ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. சாவு எண்ணிக்கை செய்தியில் வருகிறது. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்து வருடம் இயன்முறை மருத்துவத்துக்கு அலையும் தாயை எந்தச் செய்தியும் எண்ணுவதில்லை.

1973-இல் வங்காளத்தின் பாங்குரா, 2005-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பகுதி என்று பெரிய அலைகள் அடித்த பிறகே நாடு விழித்தது. 2005-இல் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள். அடுத்த ஆண்டே சீனாவிலிருந்து தடுப்பூசி வரவழைக்கப்பட்டது. வேலூர் மருத்துவர்கள் எழுதி அதற்குள் ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது.

கேள்வி: உண்ணி கடித்தாலும் மூளைக்காய்ச்சல் வருமாமே, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
(வாசகர், கூடலூர்)

பதில்: நாள்காட்டியைப் பார்த்து. 1930-களில் ரஷ்யாவின் தூரகிழக்குக் காடுகளில் மரம் வெட்டுபவர்களும் ராணுவத்தினரும் இனம் தெரியாத மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். 1937-இல் வைரஸ் ஆய்வாளர் லெவ் சில்பர் தலைமையில் இளம் ஆய்வாளர் குழு ஒன்று மாஸ்கோவிலிருந்து புறப்பட்டது. இது ஜப்பானிய நோய், கொசுவின் வேலை என்பதே அப்போது பலர் நினைப்பு. ஆனால் கொசு கிளம்புவதற்கு முன்பே, மே மாதத்திலேயே ஆட்கள் விழுவதைச் சில்பர் கவனித்தார். பனி உருகியதும் காட்டில் பசியோடு காத்திருப்பது உண்ணிதான். சில மாதங்களில் அது உறுதியானது.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. குழுவில் இருந்த சிலருக்கே நோய் தொற்றியது. மிகைல் சுமக்கோவ் காது கேளாதவரானார், ஒரு கையும் முடங்கிப்போனது. சோவியத் நாட்டுக்குப் போலியோ சொட்டுமருந்தைப் பெருமளவில் தயாரித்துக் கொடுத்தவர் அதே சுமக்கோவ்தான். சில்பரையோ 1937-ஆம் ஆண்டே கைது செய்து சிறையில் அடைத்தார்கள்.

இருபது ஆண்டு கழித்து, 1957-இல், கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் நாட்டுக்குரங்குகளும் கருமுக மந்திகளும் செத்து விழுந்தன. காட்டோரத்து மக்களும் காய்ச்சலில் படுத்தார்கள். குரங்கு சாகிறது என்றால் ஆப்பிரிக்க மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று பூனா மையத்தில் பதற்றம். அந்த நோயைப் பரப்பக்கூடிய கொசு நம் ஊர்களில் எங்கும் இருக்கிறதே! ஆய்ந்து பார்த்தால், உண்ணி பரப்பும் வைரஸ். ரஷ்ய வைரஸுக்கு நெருங்கிய உறவு. ரத்தக்கசிவுக் காய்ச்சலாகத் தொடங்கும். காய்ச்சல் விட்ட ஒன்றிரண்டு வாரத்தில் சிலருக்கு மீண்டும் வந்து மூளையைத் தாக்கும்.

ரஷ்ய வைரஸின் உறவு கர்நாடக மலைநாட்டுக்கு எப்படி வந்தது? வலசைப் பறவைகளின் மேல் உண்ணி ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்ற ஐயத்தில் உலக சுகாதார நிறுவனம் பண உதவி செய்ய, பறவையியலாளர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கமும் பறவைகளுக்கு வளையமிடும் பெரிய வேலையில் இறங்கினார்கள். இந்தியப் பறவைகளின் வலசை பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் கணிசமானது, ஒரு குரங்குச் சாவை விசாரிக்கப் போன இடத்தில் தொடங்கியது.

காட்டை வெட்டி, ஓரத்தில் வயலும் மேய்ச்சலும் வந்தபோது மாடுகளின் ரத்தம் குடித்து உண்ணி பெருகியது என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் காரணம். செத்த குரங்கின் உடம்பிலிருந்து உண்ணிகள் உதிர்ந்து, சருகு பொறுக்கவும் விறகெடுக்கவும் வருபவர் மேல் ஏறுகின்றன. நீங்கள் கூடலூர்க்காரர் என்பதால் சொல்கிறேன்: 2012-13-இல் பந்திப்பூரிலும் நீலகிரியிலும் செத்த குரங்குகளில் இந்த வைரஸ் இருந்தது, வயநாட்டில் மனிதர்களுக்கும் வந்திருக்கிறது. டிசம்பர் முதல் மே வரை காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்கும் சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள். பழைய தடுப்பூசி போதிய பலன் தராததால் நிறுத்தப்பட்டுவிட்டது.

கேள்வி: வீட்டை ஒட்டி மாட்டுக்கொட்டகை இருக்கிறது. மூளைக்காய்ச்சல் கொசுவுக்காக அதை அகற்ற வேண்டுமா?
(வாசகி, விருத்தாசலம்)

பதில்: மாட்டின் உடம்பில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பெருகுவதில்லை. வயல்வெளிக் கொசு மாட்டு ரத்தத்தையே அதிகம் விரும்புகிறது என்பதும் தென்னாற்காட்டு ஆய்வுகளில் தெரிந்ததுதான். ஆனால் மாட்டைத் தேடி வரும் கொசு பக்கத்தில் தூங்கும் பிள்ளையையும் கடிக்கும். கொட்டகை இருக்கட்டும், குழந்தையை அந்தி சாய்ந்ததும் வலைக்குள் படுக்க வையுங்கள். பன்றி வளர்ப்பு மட்டும் வீடுகளிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். நோய் உள்ள மாவட்டங்களில் அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசி இரண்டு தவணை: 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொன்று. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பிள்ளையின் அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள்.